கண், செவி, தொண்டை

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் வாழும் ஒனைடா மக்கள் கூட்டம் கூடினால் எடுத்த எடுப்பில் காரியத்தைப் பேசமாட்டார்கள். முதலில் ஒருவர் எழுந்து நன்றி சொல்வார். கூடியிருக்கும் மனிதர்களில் தொடங்கி மண்ணுக்கு, நீருக்கு, மீனுக்கு, செடிகொடிக்கு, மூலிகைக்கு, விலங்குக்கு, மரத்துக்கு, பறவைக்கு, காற்றுக்கு, இடிக்கு, சூரியனுக்கு, நிலவுக்கு, விண்மீன்களுக்கு என்று ஏறிப் படைத்தவனிடம் போய் முடியும் அந்த உரை. சுருக்கிச் சொல்பவர் சில நிமிடங்களில் முடிப்பார். விரித்துச் சொல்பவருக்கு வெகுநேரம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி நிறுத்தும்போது கூட்டத்தார் ஆமோதித்துக் குரல் கொடுப்பார்கள். அதன்பிறகுதான் நிலவழக்கோ, தலைவர் தேர்வோ, பங்காளிச் சண்டையோ. மல்லுக்கட்ட வந்தவர்களும் இதைக் கேட்டு முடித்தாக வேண்டும்.

நன்றி என்பது மனம் நிறையும்போது தானாகப் பொங்கி வருவது என்று நாம் நினைக்கிறோம். பொங்காத நாளில் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். துக்கத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அது அவரவர் பாடு, காலம் ஆற்றும் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒனைடாக்களும் அவர்களின் சகோதரக் குடிகளும் இவ்விரண்டையும் மனத்தின் போக்குக்கு விடவில்லை. யார் செய்வது, எந்த வரிசையில் செய்வது, யாருக்காகச் செய்வது என்று வகுத்து, செய்தே தீரவேண்டிய வேலையாக்கி வைத்தார்கள். பாட்டும் பேச்சும் கைவேலையும் அந்த வேலைக்கான கருவிகள். அந்த வேலையை எடுத்துச் செய்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்: பாடகி ஜோஆன் ஷெனன்டோவா, சிற்பியாகவும் பாடகியாகவும் வாழும் அவருடைய சகோதரி டயேன், இருவரையும் பெற்ற மேஸி.

மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனிக்கா என்ற ஐந்து குடிகள் சேர்ந்து அமைத்தது ஹோடெனோஷோனி கூட்டமைப்பு. 18ஆம் நூற்றாண்டில் டஸ்கரோரா குடியும் வந்து சேர்ந்து ஆறானது. இவர்களுக்கு இரோக்வா என்பது வெளியார் வைத்த பெயர். இவர்களிடம் குலம் தாய்வழியில் வரும். ஒனைடாக்களுக்கு ஓநாய், கரடி, ஆமை என மூன்று குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் குலத்தாய் உண்டு. தலைவனைத் தேர்ந்தெடுப்பவள் அவள். தவறு செய்தால் எச்சரிப்பவள் அவள். எச்சரித்தும் திருந்தாதவனின் பதவியைப் பறிப்பவளும் அவளே. மான்கொம்பு தலைமையின் சின்னம் என்பதால், பதவி பறிபோனவனைக் கொம்பு இழந்தவன் என்பார்கள். மேஸி ஓநாய்க் குலத்தின் குலத்தாயாக இருந்தார். அவர் கணவர் கிளிஃபர்ட் ஒனண்டாகா குடியின் தலைவர்களில் ஒருவராக இருந்தார். ஜாஸ் கிடார் வாசித்தவரும்கூட. அப்பா ஒனண்டாகா என்றாலும் பிள்ளைகள் அம்மாவின் குடியைச் சேர்ந்த ஒனைடாக்கள், அம்மாவின் குலத்தைச் சேர்ந்த ஓநாய்கள். ஜோஆன் 1957 ஜூன் 23 அன்று சிரக்யூஸ் நகரில் பிறந்தார். ஒனைடா மொழியில் அவருக்கு இட்ட பெயர் அவர் பாடுபவர் என்பதையே சொல்கிறது.

இந்தக் குடும்பத்தின் பாட்டு எந்த மண்ணிலிருந்து வந்தது என்று தெரிய, அந்த மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புரட்சிப் போரில் கூட்டமைப்பின் பெரும்பாலான குடிகள் பிரிட்டிஷார் பக்கம் போயின. ஒனைடாக்களில் பெரும்பாலோர் குடியேறிகள் பக்கம் நின்றார்கள். 1778இல் வாலி ஃபோர்ஜில் வாஷிங்டனின் படை பசியில் வாடியபோது ஒனைடாக்கள் பல நூறு மைல் நடந்து வெள்ளைச் சோளத்தைச் சுமந்து கொண்டுபோனார்கள். உடன் போன பாலி கூப்பர் என்ற பெண்ணைப் பற்றி அவர்கள் இன்றும் சொல்லிவருகிறார்கள். படைவீரர்கள் பசி தாளாமல் சோளத்தைப் பச்சையாகத் தின்னப் பார்த்தார்களாம். தின்றால் வயிற்றில் ஊதி உயிருக்கே ஆபத்து என்று அவர் தடுத்து, அதைச் சமைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தாராம். கூலி கொடுக்க வந்தபோது வாங்க மறுத்து, கடைசியில் ஒரு சால்வையை மட்டும் ஏற்றுக்கொண்டாராம். 1794இல் கானன்டைகுவா உடன்படிக்கையில் புதிய அரசு ஒனைடாக்களின் நிலத்துக்கு உறுதி கொடுத்தது. அந்த உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் தரவேண்டிய துணி இன்றும் வந்து சேர்கிறது. நிலம்தான் போய்விட்டது. மத்திய அரசின் சம்மதமில்லாமல் பழங்குடி நிலத்தை வாங்கக் கூடாது என்று 1790இலேயே சட்டம் இருந்தும் நியூயார்க் மாநிலம் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டே போனது. ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர் இருந்த இடத்தில் 1920களில் மிஞ்சியது 32 ஏக்கர். பலர் விஸ்கான்சினுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் போய்விட்டார்கள்.

மேஸியின் தாய் மேரி விண்டர், நிலத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வாஷிங்டனுக்குப் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர். வழக்கறிஞர்களும் நீதிமன்றங்களும் வருவதற்கு வெகுகாலம் முன்னால் அந்த வழக்கை உயிரோடு வைத்திருந்தவை அந்தக் கடிதங்கள். பாட்டி எழுதினார். அம்மா குலத்தாயாக நின்றார். பேத்திகளில் ஒருத்தி பாட வந்தாள். ஒருத்தி உளியும் எடுத்தாள், பாடவும் செய்தாள்.

ஜோஆன் நேராகப் பாட்டுக்கு வந்துவிடவில்லை. வாஷிங்டன் பகுதியில் கணினித் துறையில் பத்தாண்டுக்கும் மேல் வேலை செய்தார். நல்ல சம்பளம், நல்ல பதவி. ஒருநாள் அலுவலகச் சன்னல் வழியே பார்த்தபோது ஒரு பெரிய மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும், அதைப் பார்த்ததும் தன்னிடம் இருக்கும் கொடையைத் தான் வீணாக்கிக்கொண்டிருப்பது உறைத்தது என்றும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வேலையை விட்டு ஒனைடா மண்ணுக்குத் திரும்பினார். முதல் இசைத்தொகுப்பு 1989இல் வந்தது.

வேலையை விட்டு ஊர் திரும்பியவர்களின் கதை பத்திரிகைகளுக்கு அலுக்காத கதை. அதை ஊதிப் பெரிதாக்க எனக்கு விருப்பமில்லை. விடுவது ஒருநாள் காரியம். திரும்பி வந்த இடத்தில் அடுத்த முப்பது ஆண்டு அவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் இருந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செய்யாமல் இருந்ததை முதலில் சொல்கிறேன். அதுதான் எளிதில் கண்ணில் படாதது.

ஹோடெனோஷோனி மக்களிடம் எல்லாப் பாட்டும் ஒரே வகையல்ல. நடுக்குளிர்காலச் சடங்கிலும் நோய் தீர்க்கும் சடங்கிலும் பாடுபவை அந்தச் சடங்குக்கு மட்டும் உரியவை. அவற்றைப் பதிவு செய்வதோ மேடையில் பாடுவதோ முறையில்லை. கூடி ஆடுவதற்கான பாட்டுகள் வேறு. அவற்றை யார் முன்னும் பாடலாம், வெளியாரையும் கைபிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம். ஜோஆன் மேடைக்குக் கொண்டுவந்தவை இந்தப் பொதுப்பாட்டுகளும் தாமே கட்டிய பாட்டுகளும். இசைச்சந்தையின் போக்கு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சந்தை கேட்பது எப்போதும் மறைவானதைத்தான். இதுவரை யாரும் கேட்டிராத புனிதப் பாட்டு என்று உறையில் அச்சிட்டால் நன்றாக விற்கும். அந்த உறையை அச்சிட இடம் கொடுக்காததும் ஒரு கலைஞரின் வேலைதான்.

சிற்பத்திலும் இதே கோடு இருக்கிறது. அங்கே அது இன்னும் கூர்மையானது. நிற்கும் கல்லின் மக்கள் என்பது ஒனைடாக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். அவர்கள் ஊர் மாறும்போதெல்லாம் ஒரு கல்லும் தானாகவே கூடவந்து நின்றது என்பது மரபு. அப்படிப் போற்றிய கல் ஒன்றை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யூட்டிகா நகரத்தார் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட குடியிலிருந்து ஒரு பெண் சிற்பியாவதில் தனிப் பொருத்தம் இருக்கிறது. ஹோடெனோஷோனி சிற்பிகள் மாக்கல்லிலும் மான்கொம்பிலும் எலும்பிலும் மரத்திலும் செதுக்குகிறார்கள். வானிலிருந்து விழுந்த பெண், அவளைத் தாங்கிய ஆமை, வெள்ளைப் பைன் மரத்தின் உச்சியில் காவலிருக்கும் கழுகு, குலவிலங்குகள் எல்லாம் அவர்கள் கையில் திரும்பத் திரும்ப உருவாகின்றன. பெண் விழுந்தபோது கீழே தண்ணீர் மட்டுமே இருந்ததாம். நீர்ப்பறவைகள் இறகை விரித்து அவளை ஏந்தின. ஆமை முதுகு கொடுத்தது. கத்தூரி எலி மூழ்கி அடிமண்ணை ஒரு பிடி அள்ளிவந்தது. அந்த மண்ணை ஆமையின் முதுகில் பரப்பி அவள் நடக்க நடக்கப் பூமி விரிந்தது. இதை யாரும் செதுக்கலாம், விற்கலாம், வீட்டில் வைக்கலாம்.

நோய் தீர்க்கும் முகமூடிகளைத் தொடக் கூடாது. அவை உயிரோடு நிற்கும் மரத்தில், புகையிலை இட்டு அனுமதி கேட்டபின் செதுக்கப்படுபவை. அவற்றை உயிருள்ளவையாகக் கருதி உணவும் ஊட்டுவார்கள். அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவற்றை வாங்கியும் எடுத்தும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கூட்டமைப்பின் பேரவை 1995இல் அறிக்கையே வெளியிட்டது: முகமூடிகளை விற்காதீர்கள், காட்சிக்கு வைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், நகலும் செய்யாதீர்கள். வறுமையில் இருக்கும் ஒரு சிற்பிக்கு அந்த அறிக்கை என்ன விலையில் வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். முகமூடிக்குத்தான் வெளியார் அதிகம் கொடுப்பார்கள். கை அறியும் ஒன்றைக் கை செய்யாமல் இருப்பது, தொண்டை அறியும் ஒன்றைத் தொண்டை பாடாமல் இருப்பது. திறமை முழுவதையும் வெளியே எடுத்துக்காட்டுவதே வாழ்க்கையின் நோக்கம் என்று சொல்லிக்கொடுக்கும் இந்தக் காலத்துக்கு இது புரிவது கடினம்.

டயேன் தம் குலத்தில் நம்பிக்கைக் காவலராகவும் இருக்கிறார். சடங்குகள் நாள் தவறாமல், முறை பிசகாமல் நடக்கப் பார்த்துக்கொள்வது அந்தப் பொறுப்பு. செதுக்குபவரே காவலரும் என்பதால் கோடு எங்கே இருக்கிறது என்று அவர் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இனி ஜோஆன் செய்தது. 1996இல் வந்த 'மேட்ரியார்க்' என்ற தொகுப்பு இரோக்வாப் பெண்களின் பாட்டுகளால் ஆனது. இந்தப் பெண்கள் ஆடும் ஆட்டம் ஒன்றில் பாதம் மண்ணை விட்டு எழும்புவதில்லை. தேய்த்துத் தேய்த்து, குதிகாலும் விரலும் மாறிமாறி நகர, வட்டம் மெல்லச் சுழலும். பூமித்தாயைக் காலால் நீவிவிடுகிறோம் என்பார்கள். சோளமும் அவரையும் பூசணியும் விளைந்ததற்கான நன்றி அதில் இருக்கிறது. நீர் முரசும் மாட்டுக்கொம்புக் கிலுக்கும் அவர்களின் பழைய கருவிகள். நீர் முரசு என்பது சிறிய மரப்பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஈரத்தோலை இழுத்துக் கட்டியது. தோல் நனைய நனையக் குரல் மாறும். பாட்டுகள் சிறியவை, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். 'மேட்ரியார்க்'கைத்தான் அவருடைய மிகச்சிறந்த வேலை என்பேன். மற்றத் தொகுப்புகள் சிலவற்றில் பியானோவும் மின்விசைக் கருவிகளும் சேர்ந்து எல்லாவற்றின் மேலும் தேனை ஊற்றிவிடுகின்றன. கடையில் தியான இசை என்ற தட்டில் வைப்பதற்குத் தோதானவை அவை. அவரைக் கொண்டாடுபவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அந்த இனிமையின் வழியாகத்தான் லட்சக்கணக்கானவர்கள் ஒனைடா மொழியின் ஓசையை முதன்முதலில் கேட்டார்கள் என்பதையும் நான் மறுக்க முடியாது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் முடியை வெட்டி மொழியை அடக்கிய கார்லைல் பள்ளி 1879 முதல் 1918 வரை நடந்தது. ஒனைடாப் பிள்ளைகள் அங்கே ஏராளம். அந்த மொழியின் ஓசை 1994இல் உட்ஸ்டாக் விழா மேடையிலிருந்து ஒலித்தது. 2006இல் கிராமி விருது பெற்ற 'சேக்ரட் கிரவுண்ட்' கூட்டுத் தொகுப்பிலும் ஜோஆனின் குரல் உண்டு.

2000இல் வெளியான 'பீஸ்மேக்கர்ஸ் ஜர்னி' தொகுப்பு கூட்டமைப்பு பிறந்த கதையைப் பாடுகிறது. ஐந்து குடிகளும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த காலம் அது. ஒரு கொலைக்கு இன்னொரு கொலை, அதற்கு மற்றொன்று. வடக்கிலிருந்து ஒருவர் வந்தார். சமாதானம் செய்தவர் என்று மட்டும் அவரைக் குறிப்பிடுவார்கள். இயற்பெயரைச் சடங்குக்கு வெளியே உச்சரிப்பதில்லை. போர்ப்பாதை ஓரத்தில் குடியிருந்து, வருகிற போகிற இருதரப்புப் படைகளுக்கும் சோறு போட்டுவந்த ஒரு பெண் அவர் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்டாள். அவளால்தான் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்களிடம் வந்தது என்கிறது கதை.

கதையின் நடுவில் ஹயவாதா வருகிறார். அவருடைய மகள்கள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். துக்கம் மூளையைக் கலக்க, ஊரை விட்டுக் காட்டுக்குள் போனார். ஓர் ஏரிக்கரையில் கிளிஞ்சல்கள் கிடைத்தன. அவற்றைக் கோத்துச் சரங்களாக்கி, இரண்டு கவைக்குச்சிகளின் மேல் ஒரு கோல் வைத்துத் தொங்கவிட்டார். என்னைப்போல் துக்கத்தில் புதைந்த ஒருவரைக் கண்டால் இந்தச் சரங்களைக் கையில் எடுத்து, அவர் கண்ணை மறைக்கும் இருளை வார்த்தைகளால் துடைத்துவிடுவேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஊர் ஊராக நடந்தார். பார்த்தவர்கள் இருந்தார்கள், சரங்களை எடுத்து அவருக்கு அதைச் செய்ய ஒருவரும் வரவில்லை. கடைசியில் சமாதானம் செய்தவர் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஒளிந்திருந்து கேட்டார். அருகே போய், அதே சரங்களை எடுத்து, அதே சொற்களை அவருக்கே சொன்னார். மென்மையான மான்தோலால் கண்ணீரைத் துடைத்தார். காதை அடைத்ததை நீக்கினார். தொண்டையில் நின்றதைத் தெளிந்த நீரால் கரைத்தார். ஹயவாதாவின் மனம் நேரானது.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆறுதல் எப்படிச் சொல்வது என்று ஹயவாதாவுக்கு முழுக்கத் தெரியும். சொற்கள் அவருடையவை, சரங்கள் அவர் கோத்தவை. ஆனாலும் அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டால் பலிக்கவில்லை. வேறொரு வாயிலிருந்து வர வேண்டியிருந்தது. இன்றும் ஒரு தலைவர் இறந்தால் கூட்டமைப்பு இரண்டு பக்கமாகப் பிரியும். துக்கப்பட்ட பக்கம் உட்கார்ந்திருக்கும். மனம் தெளிந்த பக்கம் காட்டோரம் வந்து, இந்தச் சொற்களைப் பாடி அவர்களை எழுப்பும். மறுமுறை பக்கங்கள் மாறும். துக்கப்படுபவரிடம் வலுவாக இரு என்று யாரும் சொல்வதில்லை. வலுவாக இருக்க வேண்டியது அடுத்த பக்கத்தின் கடமை.

கதையின் முடிவில் பாம்புகள் நெளியும் தலையும் கோணிய உடலுமாக, சமாதானத்தைக் கடைசிவரை எதிர்த்த டடோடாஹோ வருகிறான். அவனிடம் பாட்டோடுதான் போனார்கள். பாடி அமைதிப்படுத்தி, தலையிலிருந்த பாம்புகளைச் சீவி எடுத்து, அவனையே பேரவையின் தலைமையில் அமர்த்தினார்கள். ஆயுதங்களை வெள்ளைப் பைன் மரத்தின் வேரடியில் புதைத்தார்கள். இது ஒனண்டாகா ஏரிக்கரையில் நடந்தது என்பார்கள். பின்னாளில் அமெரிக்காவிலேயே மிக மாசுபட்ட ஏரிகளில் ஒன்றாகப் பேர் வாங்கியதும் அதே ஏரிதான். தொழிற்சாலைப் பாதரசமும் சாக்கடையும் கலந்து, 1940இல் அங்கே குளிக்கத் தடை வந்தது, 1970இல் மீன்பிடிக்கத் தடை வந்தது.

சமாதானத்தைப் பாடியவருக்குச் சொந்த ஊரில் சமாதானம் கிடைத்ததா? கிடைக்கவில்லை. 1993இல் ஒனைடா மண்ணில் பெரிய சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. அதற்குப் பின்னாலிருந்த தலைமை மேஸியின் கூடப்பிறந்தவளுடைய மகன் கையில் இருந்தது. விடுதி வந்ததால் வேலை வந்தது, மருத்துவம் வந்தது, முதியோருக்கு வீடு வந்தது, விற்றுப்போன நிலத்தைத் திரும்ப வாங்கப் பணம் வந்தது என்பது ஒரு தரப்பு. 32 ஏக்கரில் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு இதெல்லாம் சிறிய விஷயமில்லை. குலத்தாய்மாரும் பேரவையும் ஒப்பாத தலைமை செல்லாது, சூது நம் வழியில்லை என்பது மேஸி முதலானோரின் தரப்பு. 1995இல் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தியவர்கள் குடிக்குள் இருந்த உரிமைகளையும் உதவிகளையும் இழந்தார்கள். நீதிமன்றம் போனார்கள். இது உங்கள் உள்விவகாரம் என்று நீதிமன்றங்கள் விலகிக்கொண்டன. பாம்பைச் சீவி எடுத்த கதை ஒரு குடும்பத்துக்குள் பலிக்காமல் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஜோஆனைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. பகை தீர்ந்த ஊரில் இருந்துகொண்டு அவர் சமாதானத்தைப் பாடவில்லை. தீராத வழக்கும் பேசாத உறவும் வாசலில் இருக்கும்போது பாடினார்.

2013இல் அவருக்கு வேறொரு வேலை வந்தது. வன்முறைக்கு ஆளாகும் பழங்குடிக் குழந்தைகளைப் பற்றி ஆராய அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஒரு குழு அமைத்தார். முன்னாள் செனட்டர் பைரன் டோர்கனும் ஜோஆனும் அதன் இணைத்தலைவர்கள். ஒரு பாடகியை ஏன் போட்டார்கள் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். குழு வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க், அரிசோனா, ஃபுளோரிடா, அலாஸ்காவின் ஆங்கரேஜ் என்று போய் அமர்ந்து கேட்டது. அடி வாங்கி வளர்ந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், இரவில் வர ஆளில்லாத காவலர்கள், கட்டில் இல்லாத காப்பகத்தார் எல்லாரும் வந்து பேசினார்கள். 2014 நவம்பரில் அறிக்கை வந்தது. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் பழங்குடிப் பிள்ளைகளிடம் இருக்கும் அளவு, ஈராக், ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களிடம் காணப்படும் அளவுக்குச் சமம் என்று அது சொன்னது. நாட்டின் மற்றவர்களோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு.

இதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பின்படி, பழங்குடி அல்லாதவர் பழங்குடி மண்ணில் குற்றம் செய்தால் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்க முடியாது. மத்திய வழக்கறிஞர் வர வேண்டும். அவர் பல நேரம் வரமாட்டார். 2013இல் குடும்ப வன்முறைக்கு மட்டும் இந்தத் தடை கொஞ்சம் தளர்ந்தது. மனைவியை அடித்தால் விசாரிக்கலாம், அதே வீட்டில் குழந்தையை அடித்தால் விசாரிக்க முடியாது என்ற விசித்திரமான நிலை உண்டானது. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களிலும் அந்த அதிகாரத்தைத் திருப்பித் தாருங்கள் என்று குழு கேட்டது.

அழுத கண்ணைத் துடை, அடைத்த காதைத் திற, நின்ற தொண்டையைக் கரை என்று ஹயவாதாவுக்குச் செய்த மூன்றும் வரிசை மாறாமல் குழு அமர்ந்து கேட்ட அந்தக் கூட்டங்களில் நடந்திருக்கின்றன. பேச வந்த பிள்ளை பேச வேண்டுமானால் எதிரே இருப்பவர் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாட்டுக்காரர்களுக்கு அது தெரியும். வட்டத்தில் ஆடுகிறவர்களின் காலைக் கேட்டுத்தான் அவர்கள் தாளத்தை வைத்துக்கொள்கிறார்கள். விருதுகளையும் மேடைகளையும் எண்ணுபவர்கள் இந்த ஓராண்டைக் கடைசி வரியில் போடுவார்கள். நான் முதல் வரியில் போடுவேன்.

பின்வந்த ஆண்டுகளில் கல்லீரல் நோய் அவரை வாட்டியது. கணவர், மோஹாக் குடியைச் சேர்ந்த எழுத்தாளர் டக் ஜார்ஜ்-கனென்டியோ. இருவரும் சேர்ந்து இரோக்வாக் கதைகளை நூலாக்கியவர்கள்; பழங்குடி அறிவுக்கென ஹயவாதாவின் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப் பாடுபட்டவர்கள். மகள் லியாவும் கலைஞர், பாடகி. ஜோஆன் 2021 நவம்பர் 22 அன்று அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் காலமானார். வயது 64. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைப் பழங்குடி நீதிமன்றங்களே விசாரிக்கலாம் என்ற சட்டம் 2022 மார்ச்சில், அவர் போன நான்காம் மாதம் கையெழுத்தானது.

டயேன் இப்போது சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனநலத்துக்குத் துணைநிற்கும் பொறுப்பில் இருக்கிறார். ஒனண்டாகாக்களின் மூதாதையர் நிலத்தில் எழுந்த வளாகம் அது. ஊரை விட்டு வந்த பிள்ளைகள், எந்தக் குடியையும் குலத்தையும் சேராதவர்கள், வீட்டில் சாவு விழுந்தாலும் தேர்வு எழுதியாக வேண்டியவர்கள் வரும் இடம். அந்தப் பொறுப்புக்கு அவருடைய மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள்: அவர்களுக்கு உதவுபவர்.